பன்னிரண்டு பாயிண்ட்டும் என் தங்கையும்

கோடைக்கானலில் வீடு என்று சொன்னால் போதும், கேட்பவர்களுக்கு முகமே மாறிவிடும். "கொடுத்து வைத்தவள் நீ! தினமும் ஏரி, தினமும் பார்க், தினமும் பூ" என்பார்கள். தினமும் ஏரிக்குப் போகிறவளுக்கு வீட்டில் அடுப்பு எரியுமா, சொல்லுங்கள். எனக்கும் எல்லோரையும்போல் காலையில் பால் காய்ச்சுவதும், ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதும்தான் வாழ்க்கை. பாத்திரம் கழுவும் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகக் கடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

1999-இல் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தேன். பிறந்தது பழனி. என் கணவருக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. நாயுடுபுரத்தில் சின்ன ஓட்டு வீடு. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து போன விருந்தாளிகளைக் கணக்கெடுத்தால் ஒரு கல்யாணச் சத்திரம் நிறையும். வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் என் சொந்தத் தங்கையிடம் பலிக்காமல் போனதையும், பிறகு ஒரு நாள் பலித்ததையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2022 மே மாதம். என் தங்கை, அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வேன் டிரைவர் கையில் அச்சடித்த சீட்டு ஒன்று. பன்னிரண்டு பாயிண்ட். தூண் பாறை, குணா குகை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று வரிசையாக அச்சாகியிருந்தது. ஒன்றரை நாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டுமாம்.

"ஒரு நாள் சும்மா உட்காருங்கடி. குழந்தைகள் உடம்பு குளிருக்குப் பழகட்டும்" என்றேன். யார் கேட்டார்கள்? வந்த அரை மணி நேரத்தில் புறப்பட்டார்கள். மே மாதக் கூட்டம் உங்களுக்குத் தெரியுமே. ஒரு பாயிண்ட்டிலிருந்து அடுத்த பாயிண்ட்டுக்குப் போக வேனுக்குள்ளேயே ஒரு மணி நேரம். தூண் பாறைக்குப் போனபோது அங்கே மூடுபனி இறங்கிவிட்டது. நானூறு அடி உயரத்துக்கு நிற்கும் மூன்று பாறைகளில் ஒன்றின் நுனிகூடத் தெரியவில்லையாம். சின்னவனுக்கு வளைவுகளில் வாந்தி. ராத்திரி காய்ச்சல். இட்லிக்கு ஊற்றினால் மாவு பொங்கியிருக்கவில்லை. என் தங்கை ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டே, "என்னக்கா ஊர் இது? பார்த்தா புகை, பார்க்காட்டி குளிர். இதுக்கா இவ்வளவு பேர் வர்றாங்க?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் என் ஊரைச் சொன்னால் எனக்கு ரோஷம் வந்துவிடும். "உனக்குப் பார்க்கத் தெரியலேடி" என்று பதிலுக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் முகம் சுண்டிப் போயிற்று.

இது சாதாரணச் சண்டை. அக்கா தங்கைக்குள் இல்லாததா? மறுவாரமே மறந்திருப்போம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

எங்கள் அம்மா பழனியில் தங்கையோடுதான் இருந்தாள். அப்பா போன பிறகு வீடும் அம்மாவும் தங்கையின் பொறுப்பாகிவிட்டன. நான் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கடைசி ஒன்றரை வருஷம் அம்மா படுக்கையில். குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது, ராத்திரி எழுந்து புரட்டிப் போட்டது எல்லாம் தங்கைதான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

2023 நவம்பர். இங்கே வடகிழக்கு மழை விடாமல் பிடித்த நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. "அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு, உடனே வா." என் கணவர் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். பெருமாள்மலையில் பழனி ரோடு பிரியும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கீழே மரம் விழுந்து மண்ணும் சரிந்து கிடக்கிறதாம். விடிந்தால்தான் வழியாம். திரும்பி வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கினோம். மழையில் முன்னால் இருக்கும் வளைவே தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து இறங்கி, திண்டுக்கல் போய், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுற்றிக்கொண்டு பழனி போய்ச் சேர்ந்தபோது காலை ஐந்தரை. அம்மா நாலு மணிக்கே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை பரிமாறிக்கொண்டே, என் இலைக்கு நேரே நின்று சொன்னாள்: "நீ குளுகுளுன்னு மேலே இருந்தே. கீழே கிடந்து வெந்தவ நான்தான்."

நான் பதில் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் என்றால் ஒரு ஃபோன். "நல்லாயிருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. 2025 பிப்ரவரியில், பழனியில் தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து ஃபோன். "அக்கா, நான் மட்டும் நாலு நாள் வரட்டுமா? டாக்டர் ரத்த அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் ஓய்வா இருங்கன்னு சொல்றார்." மாத்திரையைத் தவறாமல் எடுத்து வரச் சொன்னேன். மலை ஏறலாமா என்று அந்த டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னேன். மேலே இது கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரம். ரத்த அழுத்தம், இருதயம், ஆஸ்துமா என்று ஏதாவது இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு வருவதுதான் நல்லது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அறுபத்து நாலு கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. வெறும் வயிறாக இல்லாமலும் வயிறு முட்டச் சாப்பிடாமலும் இரண்டு இட்லியோடு ஏறி, முன் ஸீட்டில் உட்கார்ந்து, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வா, செல்ஃபோனைக் குனிந்து பார்க்காதே என்று சொல்லியிருந்தேன். அப்படியே செய்தாளாம். வாந்தி இல்லாமல் வந்துவிட்டாள். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து கோர்ட் உத்தரவுப்படி இங்கே கார், வேனில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலையும் இல்லை.

அவள் இறங்கியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. மேலே போட்டிருந்தது பழுப்பு நிற ஸ்வெட்டர். நான் கல்யாணமான புதிதில் இங்கே பின்னக் கற்றுக்கொண்டு, முதல் முதலாக அம்மாவுக்குப் பின்னியது. இடது கை அரை அங்குலம் நீளம். பழனி வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு? அம்மா அதை இங்கே வந்த இரண்டு தடவைதான் போட்டிருப்பாள்.

"எங்கிட்ட ஸ்வெட்டர் இல்லே. பீரோவில் இதுதான் இருந்தது" என்றாள் தங்கை.

"கை நீளம், மடிச்சு விட்டுக்கோ" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு எங்கும் அழைத்துப் போகவில்லை. வந்த முதல் நாள் ஓடக் கூடாது என்பதுதான் என் முதல் சட்டம். காது மூட ஸ்கார்ஃப் கட்டி, வெந்நீர் குடிக்கக் கொடுத்து, வெயில் விழும் திண்ணையில் உட்கார வைத்தேன். குளிரில் தாகம் தெரியாது; அதனால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். அதுவே தலைவலிக்குக் காரணமாகும். வெயில் இதமாக இருக்கிறதே என்று மத்தியானம் வெறும் தலையோடு சுற்றினாலும் தோல் கன்றிப் போகும்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஏரி. நீங்கள் இந்த ஊருக்கு வந்தால் ஏரியைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். படகுத்துறை திறந்திருக்காது. சைக்கிள் கடைகள், குதிரைக்காரர்கள், சோளம் சுடுகிறவர்கள் யாரும் வந்திருக்க மாட்டார்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். இது தானாக உண்டான ஏரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. நட்சத்திரம்போல் பல கைகளாகப் பிரிந்து கிடக்கும். சுற்றி வர சுமார் ஐந்து கிலோமீட்டர். நாங்கள் உள்ளூர்க்காரர்கள் நடப்பதற்காகத்தான் போகிறோம். போட்டோ எடுக்க யாரும் நிற்பதில்லை. நடந்துகொண்டே கடன் கணக்கு, மகன் படிப்பு, மருமகள் சமாசாரம் எல்லாம் பேசித் தீர்த்துவிடுவோம்.

தங்கையும் நானும் பாதி ஏரி வரை பேசாமலே நடந்தோம். பிறகு அவளாகவே, "ராத்திரி நல்லாத் தூங்கினேன்க்கா. ரெண்டு வருஷமாச்சு இப்படித் தூங்கி. ஒன்றரை மணிக்கு ஒருக்கா முழிப்பு வந்திடும். அம்மாவைப் புரட்டிப் போடற நேரம்" என்றாள்.

அம்மா இல்லாமல் பதினைந்து மாதம் ஆகியும் அவள் உடம்புக்கு அது தெரியவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு இது வரும் என்று பிறகு ஒரு நர்ஸ் அம்மா என்னிடம் சொன்னார். அப்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஸ்வெட்டர் கை மறுபடி இறங்கியிருந்தது, மடித்து விட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோக்கர்ஸ் வாக். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை. ஒரு கிலோமீட்டர் இருக்கும். வருகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூடிக்கிச்சு, ஒண்ணும் தெரியலே" என்று திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது இதுதான்: மூடியிருந்தால் பெஞ்சில் உட்காருங்கள். பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டு போங்கள். இருபது நிமிஷத்தில் பனி விலகும். கீழே கிராமம், குளம், ரோடு எல்லாம் பொம்மைக் கொலு வைத்த மாதிரி தெரியும். மறுபடி மூடும். மறுபடி விலகும். சில நாட்களில் பின்னால் சூரியனும் முன்னால் பனியுமாக அமைந்துவிட்டால், நம் நிழல் அந்தப் பனி மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வட்டம் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்தது இரண்டே தடவை. அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் பனி மூடியிருந்த நேரத்தில் தங்கை திடீரென்று கேட்டாள்.

"அன்னிக்கு நீ எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினே?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஒன்பதரைக்கு."

"ராத்திரி ஒன்பதரைக்கா?"

"ஆமா. பழனி ரோட்டிலே மரம் விழுந்து கிடந்தது. வத்தலக்குண்டு போய்ச் சுத்தி வந்தோம்."

அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நான் விடியக்காலையிலே கிளம்பி வந்தேன்னு நினைச்சேன். பனியா இருக்கு, காலையிலே போலாம்னு இருந்திட்டேன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "ஏன்க்கா அதை அப்பவே சொல்லலே?" என்றாள்.

"நீ கேக்கலியே."

இப்போது நினைத்தால் அது நியாயமான பதில் இல்லை என்று படுகிறது. அவள் கேட்காவிட்டால் என்ன, நான் சொல்லியிருக்கலாம். நான்தான் பெரியவள். "இவ்வளவு பாடுபட்டு வந்தவளை இப்படிச் சொல்கிறாளே" என்ற வீம்பில் வாயை மூடிக்கொண்டேன். பதினைந்து மாதம் அவள் ஒரு பொய்யை நிஜம் என்று சுமந்துகொண்டிருந்தாள். அந்தச் சுமையில் பாதி நான் ஏற்றியது.

ஞாயிற்றுக்கிழமை சந்தை. கோடைக்கானலில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பள்ளங்கி என்று சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் காய்கறி வந்து இறங்கும். மண் ஒட்டிய காரட், பீட்ரூட், சௌசௌ, பட்டர் பீன்ஸ். பட்டர் ஃப்ரூட், தாட்பூட் பழம், சீசனில் பிளம்ஸும் பேரிக்காயும் வரும். மலைவாழைப்பழம் கீழ்மலையிலிருந்து வரும். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சேருவது இந்த மலை விருப்பாச்சிப் பழம்தான். ஆகவே எங்கள் மலைக்கும் பழனிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல.

சந்தையில் நான் தவறாமல் வாங்குவது மலைப்பூண்டு. பார்க்கச் சின்னதாக, செக்கச் செவேல் என்று இல்லாமல் லேசான பழுப்பாக இருக்கும். காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். 2019-இல் கோடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. வாங்கி வந்து பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். தாளோடு கொத்தாகக் கட்டி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. குழம்புக்குக் கீழ் நாட்டுப் பூண்டு இருபது பல் போடுகிறவர்கள் இதில் பத்துப் பல் போட்டால் போதும்.

அன்று மத்தியானம் இரண்டு பேருமாகத் திண்ணை வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்தோம். தங்கை என் சமையலறையை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். 2022-இல் மாவு பொங்காததற்கு என்னைக் கேலி செய்தவள், இப்போது காரணம் கேட்டாள். சொன்னேன். பழனியில் தண்ணீர் நூறு டிகிரிக்குக் கிட்டத்தில் கொதிக்கும் என்றால், இந்த உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு போதாது. அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மாவு பொங்க, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரைத்து, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, பழைய கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையில் வைக்க வேண்டும். தயிருக்கும் அதே வைத்தியம். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காலையில் வெயிலில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய். உப்பு எப்போதும் கசியும். துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது.

"இத்தனை பாடா?" என்றாள் தங்கை. "நீ மேலே சொகுசா இருக்கேன்னுதான் நான் நினைச்சிருந்தேன்."

"சொகுசு இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஃபேன் வேண்டாம், கொசு கம்மி. ஆனா அடுப்படி எல்லா ஊர்லேயும் அடுப்படிதான்."

அவள் சிரித்தாள். நல்லெண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, புளிக்குழம்பு வைத்து இறக்கினோம். அம்மா கைப்பக்குவம் அவளுக்குத்தான் வந்திருக்கிறது. என் கணவர் மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. "இன்னிக்கு எங்கே?" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார், பிறப்பால் வெள்ளைக்காரர், 1936-இல் கட்டிய முருகன் கோயில். பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சியின் பெயரில் சுவாமி. இந்த மலையில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030-இல்தான் பூக்கும். 2018-இல் அம்மா வந்து பார்க்க ஆசைப்பட்டாள். முழங்கால் வலி, மழை, பேரன் பரீட்சை என்று தள்ளிக்கொண்டே போய், வராமலே போய்விட்டாள். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்த தடவை என்று வயதானவர்களிடம் சொல்லக் கூடாது என்று அப்போது தோன்றவில்லை.

சுவாமி கும்பிட்டுவிட்டு, வடக்குப் பக்கம் அழைத்துப் போனேன். அன்றைக்கு வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. மலை சட்டென்று இறங்கி, கீழே சமவெளி விரிந்து கிடந்தது. தூரத்தில் ஒரு சின்னக் குன்று.

"அது என்னன்னு தெரியுதா?" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பழனி மலையாக்கா அது?"

"ஆமா. கோயிலுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி நம்ம வீடு. வீடு தெரியாது. ஆனா இடம் எனக்குத் தெரியும். அம்மா படுத்த நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம இங்கே வந்து நின்னுட்டுப் போவேன்."

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கீழே பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா நடமாடின வரைக்கும் தினம் சாயங்காலம் மாடிக்குப் போவா. மலையைப் பார்த்துட்டு, அந்த மேகத்துக்குப் பின்னாலே உங்க அக்கா வீடு இருக்கும்பா. நான் கோபப்படுவேன். பக்கத்திலே இருக்கிறவ கண்ணுக்குத் தெரியலே, மேகத்துக்குப் பின்னாலே இருக்கிறவதான் தெரியறாளான்னு சண்டை போடுவேன். படுத்தப்புறம் ஜன்னல் பக்கமா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னா. திருப்பினேன். ஆனா உன்கிட்டே சொல்லலே. சொல்லணும்னு தோணலே."

இரண்டு பேரும் அழுதோம். கோயிலுக்கு வந்த யாரோ ஒரு அம்மாள், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். வழியில் காட்டெருமை ஒன்று ரோட்டு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. தங்கை பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள், சின்னப் பிள்ளையில் ஒளிந்த மாதிரியே. இங்கே காட்டெருமை தெருவுக்குள்ளேயே வரும். பக்கத்தில் போகாமல், கத்தாமல், விலகி நின்று வழி விட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். அன்றும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டேன். பையில் இரண்டு கொத்து மலைப்பூண்டு, காரட், யூகலிப்டஸ் தைலம். ஸ்வெட்டரைக் கழற்றி, "இங்கேயே இருக்கட்டும். அடுத்த தடவை வந்து போட்டுக்கிறேன்" என்று என் கையில் கொடுத்தாள். இந்த நாலு நாளில் அவள் அந்தப் பன்னிரண்டு பாயிண்ட்டில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

வாசகிகளே, பாயிண்ட்டே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தூண் பாறையும் பார்க்க வேண்டியதுதான். 1901 முதல் சூரியனை ஆராய்கிற வானாய்வு நிலையத்தையும், 1908-இல் அமைத்த பிரையண்ட் பூங்காவையும் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். முடிந்தால் மே மாதத்தை விட்டுவிட்டு, பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ, வார நாளில் வாருங்கள். குழந்தைகளுக்கு ஒரே ஒரு கனமான ஸ்வெட்டரைவிட, உள்ளே பருத்தி, மேலே கம்பளி என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள். வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். குரங்குக்குத் தின்பண்டம் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்த்துவிட்டு, வீட்டு எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டு வாருங்கள். ராத்திரி குளிர்கிறது என்று கரி அடுப்பையோ, தணலையோ பூட்டிய அறைக்குள் வைத்துக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள். அந்தப் புகையில்லாத விஷவாயு மணமே தெரியாமல் உயிரைக் குடித்துவிடும். கம்பளி இன்னொன்று கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் நான் கோயிலுக்குப் போய் வடக்குப் பக்கம் நின்றுகொண்டு தங்கைக்கு ஃபோன் செய்கிறேன். அவள் மாடிக்கு ஏறி நின்று பேசுகிறாள். போன வாரம் இங்கே ஒரே பனி.

"ஏதாவது தெரியுதாக்கா?"

"ஒண்ணுமே தெரியலேடி. உனக்கு?"

"மேகம்தான் தெரியுது."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். பூண்டு தீர்ந்து போச்சு, யாராவது வந்தா குடுத்து விடு."

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வாங்கி வைத்திருக்கிறேன். பழனிக்குப் போகிறவர்கள் யாராவது கிடைக்காமலா போவார்கள்!